அத்தை சொன்ன ஜோக், எனக்குக் கைதட்டல்!

"அடுத்து வரப்போறவங்க பேங்க்ல கேஷியர். பணம் எண்ற கையால மைக் பிடிக்கப் போறாங்க. பலமா ஒரு கைதட்டல் கொடுங்க!"

தொகுப்பாளர் தம்பி அறிவித்துவிட்டு இறங்கினார். நான் ஏறினேன். மேடை என்றால் பெரிய மேடை இல்லை. ஆழ்வார்பேட்டையில் ஒரு கஃபேயின் மாடி. அரை அடி உயரத்துக்கு ஒரு பலகை, ஒரு மைக், ஒரு ஸ்டூல், அதன்மேல் தண்ணீர் பாட்டில். எதிரே 14 பேர். எனக்கு அப்போது வயது 47. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு என் வயதில் பாதி.

"லேட் ஆகுதேம்மான்னு கஸ்டமர் ஒருத்தர் சத்தம் போட்டார். 'சர்வர் டவுன் சார்'னு சொன்னேன். 'அடப்பாவமே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?'ன்னு கேட்டார்."

மின்விசிறி சுற்றும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கீழே காப்பி மெஷின் 'புஸ்' என்றது. அன்றைக்கு என் ஜோக்குக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான்.

எனக்குக் கொடுத்தது நான்கு நிமிடம். மனப்பாடம் செய்த எல்லாவற்றையும் இரண்டரை நிமிடத்தில் கொட்டிவிட்டு, "தேங்க்யூ" என்று இறங்கிவிட்டேன். தேனாம்பேட்டையில் மெட்ரோ ஏறி நங்கநல்லூர் வரும்வரை, 'இனி இந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன்.

இது நடந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. இன்றைக்கும் நான் கேஷியர்தான். மாதத்தில் இரண்டு மூன்று மாலைகள் மட்டும் ஸ்டாண்ட்-அப் காமெடியன்.

14 பேரில் 11 பேர் போட்டியாளர்கள்!

இதை ஆரம்பித்துவைத்தது என் மகள். கல்லூரியில் படிக்கிறாள். "வீட்டுல சமைச்சுக்கிட்டே எல்லாரையும் கலாய்க்கிறியே, அதை அங்க போய் மைக்ல சொல்லும்மா" என்று எனக்குத் தெரியாமலேயே பெயரைக் கொடுத்துவிட்டாள்.

'ஓப்பன் மைக்' என்றால் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசலாம். இன்ஸ்டாகிராமில் ஒரு லிங்க் போடுவார்கள். அதில் பெயரைப் பதிந்தால், இடம் இருந்தால் நான்கைந்து நிமிடம் கிடைக்கும். பணம் கிடையாது. சில இடங்களில் 'நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்தால்தான் வாய்ப்பு' என்பார்கள். நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, பின்வரிசையிலிருந்து செல்போன் டார்ச்சைக் காட்டுவார்கள். அதைப் பார்த்ததும் பேச்சை முடித்துக்கொண்டு இறங்க வேண்டும். டார்ச்சைப் பார்த்தும் பேசுகிறவரை அடுத்த தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

முதல் நாள் எனக்குத் தெரியாத ஒரு விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. எதிரே இருந்த 14 பேரில் 11 பேர் என்னைப்போலப் பேச வந்தவர்கள். நான் பேசும்போது அவர்கள் உதட்டை அசைத்து, தங்கள் ஜோக்கை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதி மூன்று பேரில் ஒருவர் காப்பி குடிக்க வந்தவர். அவரைச் சிரிக்கவைக்கத்தான் 11 பேருக்கும் போட்டி.

அந்த 'சர்வர் டவுன்' ஜோக் ஏன் படுத்தது? அதையே வார இதழில், கீழே ஒரு கார்ட்டூனோடு போட்டிருந்தால் நீங்கள் லேசாகவாவது சிரித்திருப்பீர்கள். டாக்டர்-நோயாளி, தலைவர்-தொண்டர், மன்னர்-அமைச்சர் என்று நம் பத்திரிகை ஜோக்குகளுக்கு இரண்டு வரி போதும். யார் எழுதியது என்று பார்க்காமலேயே சிரிப்போம். மேடையில் கதை வேறு. அங்கே ஆள் நிற்கிறார். 'இவர் யார், இவருக்கு என்ன பிரச்னை?' என்றுதான் எதிரே இருப்பவர்கள் பார்க்கிறார்கள். எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் கிடைக்கிற ஜோக்கை, நேரில் வந்து சொல்கிறவரிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கட்டியங்காரன் முதல் காமிக்ஸ்தான் வரை

ஒருவர் தனியாக நின்று கூட்டத்தைப் பார்த்துப் பேசிச் சிரிக்கவைப்பது நமக்குப் புதிதல்ல. தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதையை நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரர்களையே கிண்டல் செய்வான். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலிருந்து வந்தவர். பட்டிமன்ற மேடைகளில் சிரிப்புக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 2005-ல் விஜய் டி.வி-யில் 'கலக்கப் போவது யாரு' வந்தபோது மிமிக்ரி, பலகுரல் எல்லாம் வீட்டு ஹாலுக்கே வந்தன. சிவகார்த்திகேயன் அந்த மேடையிலிருந்து வந்தவர்தான்.

இன்று 'ஸ்டாண்ட்-அப்' என்று நாம் சொல்வது கொஞ்சம் வேறு வகை. வேஷம் கிடையாது. இன்னொருவர் குரல் கிடையாது. பேசுகிறவரின் வாழ்க்கைதான் சரக்கு. மென்பொருள் வேலையை விட்டுவிட்டு வந்த அலெக்ஸாண்டர் பாபு, பாட்டும் பேச்சுமாகத் தன் ஊரையும் இளமையையும் மேடைக்குக் கொண்டுவந்தார். பிரவீன்குமாருக்குக் குடும்பம்தான் களம். 2020-ல் அமேசான் பிரைமில் வந்த 'காமிக்ஸ்தான் செம காமெடி பா' நிகழ்ச்சி, இளைஞர்கள் பலரை வெளியே தெரியவைத்தது.

வாழ்க்கைதான் சரக்கு என்றால், கூடவே ஒரு சிக்கலும் வந்துவிடுகிறது. நம் வாழ்க்கையில் நாம் மட்டுமா இருக்கிறோம்? என் வாழ்க்கையில் என் கணவர் இருக்கிறார், மகள் இருக்கிறாள், அத்தை இருக்கிறார். அத்தை என்றால் என் மாமியார்.

ஒரிஜினல், டூப்ளிகேட், அட்டெஸ்டட்

மூன்றாவது தடவை மேடை ஏறியபோது, வங்கி ஜோக்குகளை மூட்டை கட்டிவிட்டு வீட்டைப் பற்றிப் பேசினேன்.

"நான் காமெடி பண்ண வர்றது எங்க அத்தைக்குத் தெரியாது. பஜனைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். ரெண்டும் ஒண்ணுதானே? கைதட்ட நாலு பேர் வேணும்."

சிரிப்பு வந்தது. பெரிய சிரிப்பில்லை, ஏழெட்டுப் பேர். ஆனால், அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். மாதக் கடைசியில் கேஷ் டேலி ஆனாலும் அவ்வளவு சந்தோஷம் வராது. அந்தத் தைரியத்தில் அடுத்ததை எடுத்துவிட்டேன்.

"காலையில ஆறு மணிக்கு அத்தைக்குக் காப்பி கொடுப்பேன். ஆறரைக்கு வந்து நிப்பாங்க. 'ஏம்மா, இன்னிக்கு எனக்குக் காப்பி கிடையாதா?' 'இப்பத்தானே குடிச்சீங்க அத்தை, டம்ளரைக் கழுவிக் கவுத்தாச்சு.' என்னையே பார்ப்பாங்க..." இந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்தி, அத்தையைப்போலவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூன்று விநாடி நிற்பேன். அங்கேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். "அப்புறம் சொல்வாங்க: 'அது ஒரிஜினல். பேங்க்ல வேலை பார்க்கறியே, ஒரு டூப்ளிகேட் காப்பி தர மாட்டியா?'"

மாடியே அதிர்ந்தது. விடாமல், "ஏழு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்து நிக்கிறார், 'எனக்கு அட்டெஸ்டட் காப்பி.' எட்டு மணிக்கு எம் பொண்ணு எழுந்து வர்றா, 'அம்மா, எனக்கு சாஃப்ட் காப்பி, சர்க்கரை கம்மி.'"

ஸ்டாண்ட்-அப்காரர்கள் இதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். கதையைச் சொல்லி எதிர்பார்ப்பை ஏற்றுவது 'செட்-அப்'. அதை வேறு பக்கம் திருப்புவது 'பஞ்ச்'. சிரிப்பு அடங்கும் முன்பே அதன்மேல் இன்னொன்றை ஏற்றுவது 'டேக்'. முதலில் சொன்னதைக் கடைசியில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் திரும்பக் கொண்டுவந்தால் 'கால்-பேக்'. என் காப்பி ஜோக்கில் ஒரு செட்-அப், ஒரு பஞ்ச், இரண்டு டேக். இதில் அத்தை சொன்னதும் அவர் நின்ற நிலையும் நிஜம். அட்டெஸ்டட்டும் சாஃப்ட்டும் நான் சேர்த்தவை.

அதற்குப்பின் எங்கே போனாலும் 'டூப்ளிகேட் காப்பி அக்கா' என்றுதான் தம்பிகள் கூப்பிட்டார்கள்.

"பங்கு எங்கே?"

பஜனைப் பொய் நான்கு மாதம் தாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் போனில் எடுத்த வீடியோவை அத்தையிடமே காட்டிவிட்டாள். நான் அடுப்படியில் உறைந்துபோய் நின்றேன். ஹாலிலிருந்து அத்தையின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவர், "அது நான் சொன்னதுதானே?" என்றார்.

"ஆமாம் அத்தை."

"நான் சொன்னதுக்குத்தானே கைதட்டறாங்க? பங்கு எங்கே?"

அத்தை சாதாரண ரசிகை இல்லை. கல்யாணமாகி சென்னைக்கு வந்த நாளிலிருந்து சபா நாடகம் என்றால் உயிர். வாணி மகாலில் யாருடைய நாடகம், எந்த வருடம், பக்கத்து சீட்டில் யார் என்பதுவரை சொல்வார். காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி.சேகர், கிரேஸி மோகன் என்று ஒருவரையும் விட்டதில்லை. என் வீடியோவை இரண்டாவது தடவை பார்த்துவிட்டு அவர் சொன்னது, எந்தப் பயிலரங்கிலும் எனக்குக் கிடைக்காத பாடம்.

"அவசரப்படறே. ஜனங்க சிரிக்கும்போதே நீ அடுத்ததைப் பேசினா அது யார் காதுல விழும்? அதுக்காக, சிரிப்பு முழுசா அடங்கறவரைக்கும் நின்னாலும் தப்பு. இறங்க ஆரம்பிக்கும் பாரு, அப்பப் பிடிச்சுக்கணும். கிரேஸி நாடகத்துல எல்லாம் அதைத்தான் பண்ணுவாங்க."

அடுத்த தடவை அப்படியே செய்தேன். அதே ஜோக், அதே வார்த்தைகள். சிரிப்பு மட்டும் ஒன்றரை மடங்கு. முதன்முதலாக ஒரு நிகழ்ச்சிக்கு 500 ரூபாய் கொடுத்தபோது, 250-ஐ அத்தை கையில் வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெளிச்சம் மேடைக்கு, இருட்டு ரசிகருக்கு

நல்ல ஜோக் மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசச் சொன்னார்கள். திறந்த மைதானம், வட்டமாகப் போட்ட நாற்காலிகள், ஒரு பக்கம் சூடாகப் பஜ்ஜி. நான் 'டூப்ளிகேட்' என்று வாயெடுக்கும்போது செயலாளர் வந்து மைக்கை வாங்கி, "வெள்ளை கலர் காரை கேட்டுக்கு நேரா நிறுத்தியிருக்கறவங்க தயவுசெஞ்சு எடுத்துடுங்க" என்று அறிவித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அதிகச் சிரிப்பு வாங்கியவர் அவர்தான்.

சிரிப்பு ஒரு தொற்று. பக்கத்தில் இருப்பவரிடமிருந்துதான் அது நமக்கு வருகிறது. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, நாலு பேரோடு இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டவர், சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் புரோவின். அதனால்தான் காமெடி அரங்குகளில் நாற்காலிகளை நெருக்கிப் போட்டு, ரசிகர்கள் பக்கம் விளக்கை அணைத்து, மேடைக்கு மட்டும் வெளிச்சம் கொடுக்கிறார்கள். கூரை தாழ்வாக இருந்தால் இன்னும் நல்லது. திறந்தவெளியில் சிரிப்பு காற்றோடு போய்விடும். 20 பேர் நெருக்கி உட்கார்ந்த சின்ன அறை, 100 பேர் சிதறி உட்கார்ந்த மண்டபத்தைவிட மேல்.

தோல்வி எனக்கு மட்டும் வருவதல்ல என்று ஆறுதல் சொன்னது ஓர் ஆவணப்படம். 2002-ல் வந்த 'காமெடியன்'. அமெரிக்காவின் உச்ச நகைச்சுவையாளர் ஜெர்ரி சைன்ஃபெல்ட், தன் பழைய ஜோக்குகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, பூஜ்யத்திலிருந்து புதிதாகத் தொடங்குவார். சின்னச் சின்ன கிளப்களில் ஏறித் தடுமாறுவார், அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பார். உலகப் புகழ் பெற்றவருக்கும் புது ஜோக் என்றால் முதல் நாள் முதல் நாள்தான்.

சிரிக்காத சிறுமி

பேசுவதைவிடப் பார்த்ததில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். டிக்கெட் எடுத்து நிறைய நிகழ்ச்சிகளுக்குப் போவேன். முன்வரிசையில் உட்கார மாட்டேன். நான்காவது வரிசைதான் எனக்குப் பிடித்த இடம். அங்கிருந்து பார்த்தால் மேடையும் தெரியும், சிரிக்கிறவர்களும் தெரிவார்கள்.

ஒருநாள் ஓர் இளைஞர் பேசினார். திறமைசாலி. முன்வரிசையில் பருமனான ஒருவர் மனைவி, மகளோடு உட்கார்ந்திருந்தார். "சார், நீங்க எத்தனை டிக்கெட் எடுத்தீங்க? உங்களுக்கு மட்டும்?" என்று ஆரம்பித்து, மூன்று நிமிடம் அவர் உடம்பை வைத்தே பேசினார். அரங்கம் சிரித்தது. அந்த மனிதரும் சிரித்தார், கையைக்கூடத் தட்டினார். பக்கத்தில் இருந்த மகளுக்குப் பத்து வயது இருக்கும். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டி.வி-யில் உருவக்கேலியைப் பார்த்துச் சிரிக்கும்போது, கேலிக்கு ஆளானவர் நம் பக்கத்தில் இருப்பதில்லை. நேரடி நிகழ்ச்சியில் இருப்பார், குடும்பத்தோடு இருப்பார்.

அதே மேடையில் இன்னொருநாள், இன்னொருவர். முன்வரிசையில் ஒரு பெரியவரிடம், "கல்யாணமாகி எத்தனை வருஷம் சார்?" என்று கேட்டார். "முப்பத்தெட்டு." "சண்டை வந்தா யார் முதல்ல பேசுவீங்க?" பெரியவர் யோசிக்காமல், "சண்டைக்கே அவதான் முதல்ல பேசுவா" என்றார். அரங்கம் வெடித்தது. அந்த நகைச்சுவையாளர் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. மைக்கைக் கீழே இறக்கி, பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். கைதட்டல் மொத்தமும் பெரியவருக்குப் போனது. அவருடைய மனைவியும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பஞ்ச்சை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தாலும் சிரிப்பு வரும் என்று அன்றைக்குப் பார்த்தேன். அது எனக்கு எதற்குத் தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

மூன்று விநாடி

போன வருடம் அத்தை ஒருநாள் பக்கத்துத் தெருக் கோயிலுக்குப் போய்விட்டு, வழி தெரியாமல் நின்றார். 40 வருடமாகப் போய்வருகிற கோயில். பூக்காரம்மாதான் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

டாக்டரிடம் போனோம். தைராய்டு, வைட்டமின் பி12 எல்லாம் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் மூன்று வார்த்தைகளைச் சொல்லி, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பிறகு, "அந்த மூணு வார்த்தையைச் சொல்லுங்கம்மா" என்றார்.

அத்தை அவரையே பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மூன்று விநாடி.

"முதல்ல நீங்க சொல்லுங்க டாக்டர். உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு பார்க்கிறேன்" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். என் கணவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அந்த மூன்று விநாடியைத் தெரியும். எத்தனையோ மேடைகளில் அதை அப்படியே செய்துகாட்டிக் கைதட்டல் வாங்கியவள் நான்.

அல்சைமர், ஆரம்பநிலை என்றார்கள். இந்த நோயில் புதிய ஞாபகங்கள்தான் முதலில் போகும். பழையவை வெகுகாலம் இருக்கும் என்று டாக்டர் விளக்கினார். அதனால்தான் வாணி மகால் நாடகம் நினைவிருக்கிறது, ஆறு மணிக் காப்பி நினைவில்லை. ஆரம்பத்தில் பலர் மறதியை மறைக்கப் பேச்சை மாற்றுவார்கள், சிரித்துச் சமாளிப்பார்கள். அதனால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதற்குத் தாமதமாகும் என்றும் சொன்னார்.

காப்பி குடித்தோமா இல்லையா என்று தெரியாமல் அத்தை தேடிக்கொண்டிருந்த மூன்று விநாடியை, நான் டைமிங் என்று நினைத்திருந்தேன். முதலிலேயே கவனித்திருந்தால் சீக்கிரம் டாக்டரிடம் போயிருக்கலாமே என்று பல நாள் தூக்கம் வரவில்லை. இந்த நோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இல்லைதான். ஆனாலும், முன்னாலேயே தெரிந்திருந்தால் அவரைக் கோயிலுக்குத் தனியாக அனுப்பியிருக்க மாட்டேன். 'இப்பத்தானே குடிச்சீங்க' என்று அந்தக் குரலில் சொல்லியிருக்க மாட்டேன்.

எதை முதலில் சொல்வது?

காப்பி ஜோக்கை நிறுத்தினேன். "அக்கா, உங்க பெஸ்ட் பிட்டை ஏன் விட்டுட்டீங்க?" என்று தம்பிகள் கேட்டார்கள். "பழசாயிடுச்சுப்பா" என்று மழுப்பினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு சின்ன ஓப்பன் மைக்கில் மறுபடி எடுத்தேன். மறைப்பதில் எனக்கே உடன்பாடு இல்லை. எத்தனையோ வீடுகளில் இது நடக்கிறது. பேசாமல் இருப்பதால்தான் எங்களைப்போலப் பலரும் 'வயசான மறதி' என்று விட்டுவிடுகிறோம். ஆனால், எப்படிச் சொல்வது?

முதல் தடவை, நோயை முதலில் சொன்னேன். அதற்குப்பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை, சிரிக்கப் பயந்தார்கள். அடுத்த தடவை, ஜோக்கைச் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டுப் பிறகு நோயைச் சொன்னேன். அறை சட்டென்று உறைந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் ஓர் இளம்பெண் மாடிப்படியில் என் கையைப் பிடித்து, "சாரி ஆன்ட்டி, நான் ரொம்பச் சத்தமா சிரிச்சுட்டேன்" என்றாள். அவள் மன்னிப்புக் கேட்கும்படி எதுவும் செய்யவில்லை. பொறி வைத்தது நான்.

மூன்றாவது தடவை, அந்த மூன்று விநாடியை எடுத்துவிட்டேன். அதை இனி நான் நடித்துக்காட்டப்போவதில்லை. அதற்குப் பதில் டாக்டர் அறையைச் சொன்னேன். "உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு பார்க்கிறேன்" என்ற வரியை அத்தைக்கே விட்டுவிட்டு, அந்தப் பெரியவருக்குக் கும்பிடு போட்ட நகைச்சுவையாளர்போல ஒதுங்கி நின்றேன். சிரித்தார்கள். கைதட்டலும் வந்தது. முடிந்ததும் ஒருவர் வந்து, "எங்கம்மாவும் இப்படித்தான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறாங்க. எந்த டாக்டர்கிட்ட போனீங்க?" என்று கேட்டார்.

இன்னும் அது முழுதாக அமையவில்லை. ஒரு வாரம் சிரிப்பு வருகிறது, ஒரு வாரம் அமைதி வருகிறது. எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் வழக்கமாக வைத்திருக்கிறேன். மேடைக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு தடவையும் அத்தையிடம் கேட்பேன். போன தடவை சம்மதித்தது அவருக்கு நினைவிருக்காது. அதனால் எனக்கும் அது செல்லாது. ஒருநாள், "வேண்டாம்மா, நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றார். அன்றைக்கு அதைத் தொடவில்லை, பழைய பாஸ்புக் ஜோக்குகளைச் சொல்லி, மின்விசிறிச் சத்தம் கேட்டுவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு கிளம்பும்போதும் கேட்டேன்.

"அத்தை, இன்னிக்கு மேடையில உங்களைப் பத்திச் சொல்லட்டுமா?"

"எதை?"

"டூப்ளிகேட் காப்பி."

மகள் போனில் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். எத்தனையாவது தடவையோ தெரியாது. அத்தை முதல் தடவை பார்ப்பதுபோல் சிரித்தார், அதே இடத்தில்.

"இது நான் சொன்னதுதானே? தாராளமா சொல்லு. பங்கு எங்கே? நீ ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை."

பர்ஸைத் திறந்து 250 ரூபாயை எடுத்து அவர் கையில் வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.